ஹேவ் டன்னா, ஹேவ் பீன் டூயிங்கா? எங்க எதப் போடுறது

வேலைக்கு சேர்ந்த புதுசுல மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். ராத்திரி கண்ணு முழிச்சு ஒரு ரிப்போர்ட்ட முழுசா முடிச்சுட்டு, காலைல ரொம்ப பெருமையா "ஐ ஹேவ் பீன் கம்ப்ளீட்டிங் த ரிப்போர்ட்"னு எழுதி அனுப்புனேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு, சரி, எப்ப முடியும்னு. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, முடிச்சுட்டேன்னுதானே எழுதியிருக்கேன், அப்புறம் எப்ப முடியும்னு கேட்டா என்ன அர்த்தம்னு பக்கத்து சீட்டு அக்காகிட்ட புலம்புனேன். அவங்க மெயிலப் பார்த்துட்டு சிரிச்சாங்க. "நீ முடிச்சுட்டேன்னு எழுதலப்பா, முடிச்சுக்கிட்டே இருக்கேன்னு எழுதியிருக்க"ன்னாங்க. நான் அந்த பீன்ன உள்ள சொருகுனதுக்கு ஒரே காரணம்தான், வாக்கியம் கொஞ்சம் நீளமா இருந்தா மரியாதையா இருக்கும், ஆபீஸ் இங்கிலீஷ் மாதிரி கெத்தா இருக்கும்னு ஒரு நெனப்பு. இந்த நெனப்பு எனக்கு மட்டும் இல்லன்னு அப்புறம் நெறைய பேரோட மெயில பார்த்தப்ப புரிஞ்சுது.

அதனால இதுல நான் எங்கெங்க விழுந்தேனோ அங்கெல்லாம் நின்னு சொல்றேன். இலக்கண புக்ல இருக்குற வரிசைல இருக்காது.

மொதல்ல உருவம், இது சீக்கிரம் முடியுற வேலை. பிரசன்ட் பர்ஃபெக்ட்னா ஹேவ் இல்லன்னா ஹேஸ், அதுக்குப் பின்னாடி வினைச்சொல்லோட மூணாவது வடிவம், ஸ்கூல்ல வி த்ரீன்னு மனப்பாடம் பண்ணோமே அதான். ஐ ஹேவ் ரிட்டன், ஷி ஹேஸ் கான், தே ஹேவ் சீன். பிரசன்ட் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ்னா ஹேவ் பீன் இல்லன்னா ஹேஸ் பீன், அதுக்குப் பின்னாடி இங் போட்ட வினை. ஐ ஹேவ் பீன் ரைட்டிங், ஷி ஹேஸ் பீன் வெயிட்டிங். இந்த பீன் எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்லித் தரமாட்டாங்க, அதனாலயே அது ஏதோ மந்திரம் மாதிரி பயமுறுத்துது. விஷயம் சிம்பிள். ஆம், இஸ், ஆர் இது மூணும் பீங்குற ஒரே வினையோட வடிவங்கதான், அந்த பீயோட மூணாவது வடிவம்தான் பீன். அப்ப ஐ ஆம் வெயிட்டிங்குல இருக்குற ஆம்ம தூக்கிட்டு அந்த எடத்துல ஹேவ் பீன் வச்சா ஐ ஹேவ் பீன் வெயிட்டிங். அவ்ளோதான். ஐ ஆம் பிஸின்னா இப்ப பிஸி, ஐ ஹேவ் பீன் பிஸின்னா கொஞ்ச நாளாவே பிஸி. அதே தையல்தான், துணிதான் வேற.

இப்ப ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாக்கணும். ரெண்டுமே இந்த நிமிஷத்துல நின்னுக்கிட்டு பின்னாடி திரும்பிப் பாக்குறதுதான், அதனாலதான் ரெண்டு பேர்லயும் பிரசன்ட்னு இருக்கு. நடந்தது பழசு, ஆனா பேச்சு இப்பத்ததப் பத்தி. வித்தியாசம் எங்கன்னா, திரும்பிப் பாக்கும்போது கண்ணு எது மேல விழுதுங்குறதுல. கடைசில கைக்கு என்ன வந்துச்சுங்குறது மேல விழுந்தா ஹேவ் டன். அந்த வேலை ஓடிக்கிட்டு இருந்த ஓட்டத்து மேல விழுந்தா ஹேவ் பீன் டூயிங்.

ஒரு காட்சி சொல்றேன். ஒருத்தர் வீட்டு வாசல்ல பைக்க பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்காரு, சட்டையெல்லாம் கிரீஸ், கை ரெண்டும் கருப்பு. உள்ளேருந்து வர்றவங்க "என்ன இது கோலம்?"னு கேக்குறாங்க. அவர் "ஐ ஹேவ் பீன் ஃபிக்ஸிங் த பைக்"னு சொல்லணும். ஏன்னா கேள்வி கிரீஸ் பத்தி. கிரீஸுக்குக் காரணம் அந்த வேலை நடந்துக்கிட்டு இருந்தது, வேலை முடிஞ்சதா இல்லையாங்குறது இங்க யாருக்கும் தேவையில்ல. பைக் இன்னும் ஸ்டார்ட்டே ஆகாம கெடக்கலாம், இல்ல ரெடியாகி நிக்கலாம், அந்த வாக்கியம் அதப் பத்தி வாயத் தொறக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு மகன் வந்து "அப்பா, நான் பைக்க எடுத்துட்டுப் போலாமா?"ன்னு கேக்குறான். இப்ப "ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் இட்"னு சொல்லி சாவிய நீட்டுறாரு. இந்த எடத்துல ஐ ஹேவ் பீன் ஃபிக்ஸிங் இட்னு சொல்லியிருந்தா பையன் சாவிய வாங்க மாட்டான், இன்னும் முடியல போலன்னு நெனச்சு பஸ்ஸப் பாத்துப் போயிடுவான். அதே மனுஷன், அதே பைக், அதே அரை மணி நேர வேலை. கேக்குறவங்களுக்கு என்ன வேணுமோ அதுதான் டென்ஸ தீர்மானிக்குது.

என் மெயில்ல நடந்ததும் இதேதான். மேனேஜருக்கு சாவி வேணும், நான் கிரீஸ காட்டியிருக்கேன்.

இதுலேருந்து ஒரு சின்ன சோதனை கெடைக்குது, எனக்கு இன்னைக்கும் இதுதான் முக்காவாசி நேரம் கைகொடுக்குது. உங்க வாக்கியம் எத்தனங்குற கேள்விக்கு பதிலா, எவ்ளோ நேரமாங்குற கேள்விக்கு பதிலான்னு பாருங்க. எத்தன, எவ்ளோன்னு எண்ணிக்கையோ அளவோ வந்துட்டா ஹேவ் டன் பக்கம். ஐ ஹேவ் ரிட்டன் ஃபோர் மெயில்ஸ், ஷி ஹேஸ் ரெட் சிக்ஸ்டி பேஜஸ், ஐ ஹேவ் கால்டு யூ த்ரீ டைம்ஸ். எவ்ளோ நேரமான்னு வந்தா பெரும்பாலும் ஹேவ் பீன் பக்கம். ஐ ஹேவ் பீன் ரைட்டிங் மெயில்ஸ் ஆல் மார்னிங், ஷி ஹேஸ் பீன் ரீடிங் சின்ஸ் டென் ஓ கிளாக், ஐ ஹேவ் பீன் காலிங் யூ ஆல் டே. ரெண்டையும் கலந்து "ஐ ஹேவ் பீன் காலிங் யூ த்ரீ டைம்ஸ்"னு சொன்னா இங்கிலீஷ் காதுக்கு நெருடும், ஏன்னா மூணு தடவைன்னு எண்ணி முடிச்சுட்டீங்க, எண்ணி முடிச்சத மறுபடி ஓட விட முடியாது. ஃபோன எடுக்காத ஃப்ரெண்டு மேல கடுப்புல இருக்கும்போது நாம ரெண்டையும் சேர்த்துக் கொட்டத்தான் பாப்போம், அப்ப ரெண்டு வாக்கியமா ஒடச்சுடுங்க, கடுப்பும் ரெண்டு மடங்கா போய்ச் சேரும்.

இதுவரைக்கும் சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். இனிமே வர்றதுதான் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசுற நமக்குன்னே இருக்குற சிக்கல்.

நம்மாளுங்க இத தமிழ் வால வச்சு புடிக்கப் பாப்பாங்க. படிச்சிருக்கேன்னா ஹேவ் ரெட், படிச்சுக்கிட்டிருக்கேன்னா ஹேவ் பீன் ரீடிங், அப்படின்னு ஒரு பட்டியல். கேக்க அழகா இருக்கும், மூணு எடத்துல கவுத்து விட்டுடும்.

முதல் எடம், கால அளவு. தமிழ்ல நாம "ரெண்டு மணி நேரமா வெயிட் பண்றேன்"னு சொல்வோம், "மூணு வருஷமா இங்க வேலை பாக்குறேன்"னு சொல்வோம். பண்றேன், பாக்குறேன், சுத்தமான நிகழ்காலம். கால அளவ அந்த நேரமாங்குற "ஆ" தூக்கிக்குது, வினைக்கு எந்த வேலையும் இல்ல. இதையே அப்படியே எடுத்து இங்கிலீஷ்ல வச்சா "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ்", "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்". நம்ம ஊர் இன்டர்வியூ எதுல உக்காந்தாலும் இந்த ரெண்டாவது வாக்கியம் காதுல விழும், நானும் சொல்லியிருக்கேன், எதிர்ல இருந்தவரும் அதே மாதிரிதான் பேசுனாரு, அதனால தப்பிச்சேன். இங்கிலீஷ்ல வெறும் ஆம் வெயிட்டிங் இந்த நிமிஷத்த மட்டும்தான் புடிக்கும், அதால ரெண்டு மணி நேரத்த தோள்ல தூக்க முடியாது. பழசுலேருந்து இப்ப வரைக்கும் இழுத்துக்கிட்டு வரணும்னா ஹேவ் பீன் வேணும். ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ். ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ். அதனால தமிழ்ல யோசிக்கும்போது நேரமா, நாளா, வருஷமா, மாசமான்னு அந்த "ஆ" எங்க வந்தாலும் ஒரு மணி அடிக்கணும், நிகழ்காலத்த போடக் கூடாதுன்னு.

இதுல கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற சின்ஸ், ஃபார் குழப்பத்துக்கு தமிழே மருந்து வச்சிருக்கு, இத மட்டும் வால் வச்சே புடிக்கலாம். தமிழ்ல லேருந்துன்னு வந்தா சின்ஸ், "ஆ"ன்னு வந்தா ஃபார். திங்கக்கிழமைலேருந்து, சின்ஸ் மண்டே. 2019லேருந்து, சின்ஸ் 2019. அஞ்சு நாளா, ஃபார் ஃபைவ் டேஸ். நாம யாருமே அஞ்சு நாள்லேருந்துன்னு பொதுவா சொல்றதில்ல, அப்ப சின்ஸ் ஃபைவ் டேஸும் வரக் கூடாது. கொஞ்சம் நுணுக்கமா ஒன்னு, காலைலேருந்துன்னா சின்ஸ் மார்னிங்குனு சொல்றது நம்ம பக்கத்துப் பழக்கம், புரியத்தான் செய்யும், ஆனா இங்கிலீஷ் தாய்மொழியா இருக்குறவங்க சின்ஸ் திஸ் மார்னிங்னுதான் சொல்வாங்க.

ரெண்டாவது எடம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. காலைல எந்திரிச்சு ஜன்னலத் தொறக்குறீங்க, ரோடெல்லாம் ஈரம். மழைய நீங்க பார்க்கல, ஈரத்த மட்டும் பாக்குறீங்க. என்ன சொல்வீங்க? "ராத்திரி மழை பெஞ்சிருக்கு." ஒரு பொண்ணு கண்ணு செவந்து வர்றா, "அழுதிருக்கா போல." ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வர்றாரு, "ஓடி வந்திருக்காரு." தமிழ்ல இந்த இருக்குக்கு ஒரு துப்பறியுற குணம் உண்டு, நேர்ல பார்க்கல, தடயத்த வச்சு சொல்றேன்னு அர்த்தம். நாம படிச்ச பட்டியல் படி பெஞ்சிருக்குன்னா இட் ஹேஸ் ரெயின்ட்னு வரணும். ஆனா இங்கிலீஷ்காரங்க அந்த ஈரமான ரோட்ட பார்த்துட்டு சொல்றது "இட் ஹேஸ் பீன் ரெயினிங்". செவந்த கண்ண பார்த்துட்டு "ஷி ஹேஸ் பீன் கிரையிங்". வேர்வைய பார்த்துட்டு "ஹி ஹேஸ் பீன் ரன்னிங்". ஏன்னா கிரீஸ் கதைதான் மறுபடியும். தடயத்த விட்டுட்டுப் போனது அந்த ஓட்டம். எவ்ளோ மழை, எத்தன கிலோமீட்டர்ங்குறது இல்ல. மழை நின்னு போயிருந்தாலும் ஹேஸ் பீன் ரெயினிங்தான், இது நெறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும், கன்டினியுவஸ்னா இப்பவும் நடந்துக்கிட்டே இருக்கணும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. அது பாதி உண்மை. இப்ப வரைக்கும் நடந்துக்கிட்டே இருக்கலாம், இல்ல இப்பத்தான் நின்னிருக்கலாம், சூடு ஆறாம இருந்தா போதும்.

ஆனா ராத்திரிங்குற வார்த்தைய கவனிச்சீங்களா? தமிழ்ல "ராத்திரி மழை பெஞ்சிருக்கு"ன்னு நேரத்தையும் சேர்த்து சொல்லலாம். இங்கிலீஷ்ல லாஸ்ட் நைட்னு சொல்லிட்டா ஹேஸ் வந்த வாசல் மூடிடும், இட் ரெயின்ட் லாஸ்ட் நைட், தீந்துச்சு. நேத்து, போன வாரம், 2015ல, ரெண்டு நாள் முன்னாடின்னு முடிஞ்சு போன நேரத்த வாயால சொல்லிட்டா ஹேவ் டன்னும் இல்ல, ஹேவ் பீன் டூயிங்கும் இல்ல, வெறும் இறந்தகாலம். "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே"ங்குறது ரெண்டு டென்ஸுக்கு நடுவுல தேர்ந்தெடுக்குறதுல வர்ற தப்பு கூட இல்ல, அந்த ரெண்டும் இருக்குற ரூமுக்குள்ளயே போயிருக்கக் கூடாது.

டைரி மாதிரி விஷயத்துல இந்த வித்தியாசம் சண்டை வரைக்கும் போகும். மேஜைல வச்ச டைரி கொஞ்சம் நகந்து கெடக்கு, பக்கம் மடிஞ்சிருக்கு. "ஹூ ஹேஸ் பீன் ரீடிங் மை டைரி?"ன்னு கத்துனா அதுல குத்தம் சாட்டுறது தெளிவா இருக்கும், இந்த வேலை நடந்துக்கிட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியாம, அப்படின்னு. "ஹூ ஹேஸ் ரெட் மை டைரி?"ன்னா யாரெல்லாம் முழுசா படிச்சு முடிச்சீங்கன்னு கணக்கெடுப்பு மாதிரி ஆயிடும், ஏதோ புஸ்தக விமர்சனக் கூட்டம் நடத்தப் போற மாதிரி. அதே நேரம் டைரியே காணோம்னா "ஹூ ஹேஸ் டேக்கன் மை டைரி?"தான், எடுத்தது ஒரே செயல், விளைவு மேஜை காலி. இங்க ஹேஸ் பீன் டேக்கிங் வேலைக்கு ஆகாது.

இது எங்க கொண்டு விடுதுன்னா, சில வினைங்களுக்கு ஓட்டமே கெடையாது. எடுக்குறது, ஒடையுறது, வந்து சேர்றது, தொலையுறது, கண்டுபுடிக்குறது, இதெல்லாம் ஒரு நொடில நடந்து முடியுற சமாச்சாரம். ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ, த கிளாஸ் ஹேஸ் புரோக்கன், ஷி ஹேஸ் அரைவ்ட். இத ஹேவ் பீன் ஆக்குனா ஒரே சாவிய மணிக்கணக்கா தொலைச்சுக்கிட்டே இருக்குற மாதிரி ஆயிடும். ஆனா ஆள் பல பேர்னா கதை மாறும், கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கிறவரு "கெஸ்ட்ஸ் ஹேவ் பீன் அரைவிங் சின்ஸ் சிக்ஸ்"னு தாராளமா சொல்லலாம். ஒவ்வொருத்தரும் ஒரு நொடில வந்தாங்க, ஆனா வர்றது தொடர்ந்து நடந்துக்கிட்டே இருக்கு.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதுக்கும் ஓட்டம் கெடையாது, ஆனா காரணம் வேற. தெரியும், புரியும், புடிக்கும், நம்புறேன், சொந்தம், இதெல்லாம் நாம செய்யுற வேலை இல்ல, இருக்குற நெலமை. தமிழ்லயே யோசிங்களேன், "எனக்கு அவர தெரிஞ்சுக்கிட்டிருக்கு"ன்னு யாராவது சொல்வாங்களா? "பத்து வருஷமா தெரியும்"னுதான் சொல்வோம். இங்கிலீஷும் அதேதான். ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ், எவ்ளோ வருஷமான்னு கால அளவு வந்தாலும் ஹேவ் நோன்தான், ஹேவ் பீன் நோயிங் வராது. எத்தன, எவ்ளோ நேரமாங்குற நம்ம சோதனை வழுக்குற எடம் இதுதான், அதனால வினையோட குணத்த மொதல்ல ஒரு தரம் பார்த்துட்டு அப்புறம் சோதனைக்குப் போங்க. ஷி ஹேஸ் ஓன்ட் தட் ஹவுஸ் ஃபார் இயர்ஸ், வி ஹேவ் பிலாங்ட் டு திஸ் கிளப் சின்ஸ் 2010.

இதுல ரெண்டு மூணு வினை ரெண்டு வேஷம் கட்டும். திங்க்னா கருத்து வச்சிருக்குறதும் உண்டு, மண்டைய போட்டு ஒழப்புறதும் உண்டு. ஒழப்புற வேஷத்துல "ஐ ஹேவ் பீன் திங்க்கிங் அபவுட் யுவர் ஆஃபர்"னு சொல்லலாம். ஹேவும் அப்படித்தான், ஐ ஹேவ் ஹேட் திஸ் லேப்டாப் ஃபார் ஃபைவ் இயர்ஸ்னா வச்சிருக்கேன், வி ஹேவ் பீன் ஹேவிங் ப்ராப்ளம்ஸ் வித் இட்னா தொல்லைய அனுபவிச்சுக்கிட்டு இருக்கோம். மீனிங், வான்ட்டிங் இந்த ரெண்டும் ஹேவ் பீன் கூட ரொம்ப செல்லம் கொஞ்சும். "ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ"ன்னு ஒன்னு இருக்கு பாருங்க, ரொம்ப நாளா கூப்புடணும் கூப்புடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்னு அர்த்தம், ஆறு மாசமா ஃபோன் பண்ணாத சொந்தக்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டா சொல்றதுக்குன்னே கண்டுபுடிச்ச வாக்கியம் மாதிரி இருக்கும். நான் நெறைய யூஸ் பண்றேன்.

இப்ப ஒரு நல்ல சேதி, வித்தியாசமே இல்லாத எடமும் இருக்கு. லிவ், ஒர்க், டீச், ஸ்டடி மாதிரி வினைங்களோட சின்ஸோ ஃபாரோ வந்தா ரெண்டுல எதப் போட்டாலும் தப்பில்ல. ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ், ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ், ரெண்டும் ஒன்னுதான். ரொம்ப கூர்ந்து கேட்டா ஹேவ் பீன் லிவிங்ல தற்காலிகமா இருக்கேன்ங்குற வாடை லேசா வரும், மாத்திக்கிட்டுப் போகலாம்ங்குற மாதிரி. ஹேவ் லிவ்ட்ல வேர் புடிச்ச உணர்வு. ஃப்ரெண்டு வீட்டு சோஃபால ரெண்டு வாரமா படுத்திருக்குறவன் ஐ ஹேவ் பீன் ஸ்டேயிங் வித் எ ஃப்ரெண்டுன்னுதான் சொல்வான். ஆனா ஆல்வேஸ் வந்துட்டா ஹேவ் டன் பக்கம் சாஞ்சுடுங்க, ஐ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் ஹியர். பரீட்சைல இந்த நாலு வினைய வச்சு எது சரின்னு ஒரே விடைய கேட்டா அந்தக் கேள்விதான் சரியில்ல, உங்க மேல தப்பில்ல.

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர் இதெல்லாம் பெரும்பாலும் ஹேவ் டன் வீட்டு ஆளுங்க. லேட்லி, ஆல் டே, ஆல் வீக் மாதிரி ஆளுங்க ஹேவ் பீன் வீட்டுல அதிகம் தென்படுவாங்க, ஆனா எதிர் வீட்டுக்கும் போய் வருவாங்க, அதனால வார்த்தைய மட்டும் பார்த்து கண்ண மூடிக்கிட்டு போடாதீங்க. அமெரிக்காக்காரங்க ஜஸ்ட், ஆல்ரெடி கூட ஹேவ்வையே தூக்கிப் போட்டுட்டு ஐ ஆல்ரெடி சா இட்னு சொல்றத படங்கள்ல கேட்டிருப்பீங்க, அது அவங்க பேச்சு வழக்கு, தப்புன்னு சண்டைக்குப் போக வேணாம்.

இல்லன்னு சொல்லும்போது அர்த்தம் நல்லாவே பிரியும், இத யாரும் அதிகம் கவனிக்குறதில்ல. "ஐ ஹேவன்ட் ஸ்லெப்ட் ஃபார் டூ டேஸ்"னா ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல, கண்ணே மூடல. "ஐ ஹேவன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல்"னா தூங்குறேன், ஆனா கொஞ்ச நாளாவே தூக்கம் சரியா அமையல. டாக்டர்கிட்ட முதல் வாக்கியத்த சொன்னா அவர் பாக்குற பார்வையே வேற மாதிரி இருக்கும். நாம ரெண்டுக்கும் தமிழ்ல "தூங்கல", "தூக்கமே இல்ல"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுறோம், இங்கிலீஷ்ல பேசும்போது எதச் சொல்றோம்னு ஒரு செகண்ட் நின்னு பாக்குறது நல்லது.

பீன் வந்தாலே கன்டினியுவஸ்னு நெனச்சு மாட்டிக்கிற எடமும் ஒன்னு இருக்கு. "த ரிப்போர்ட் ஹேஸ் பீன் சென்ட்", இதுல பீன் இருக்கு, ஆனா பின்னாடி இங் இல்ல, மூணாவது வடிவம் நிக்குது. இது செயப்பாட்டு வினை, ரிப்போர்ட் அனுப்பப்பட்டாச்சு. "ஹி ஹேஸ் பீன் சென்டிங் ரிப்போர்ட்ஸ்"னா அவர் அனுப்பிக்கிட்டு இருக்காரு. பீனுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பார்த்தாதான் யார் யாருக்கு என்ன செஞ்சாங்கன்னே தெரியும். என் பழைய மெயில்ல கூட "த ரிப்போர்ட் ஹேஸ் பீன் கம்ப்ளீட்டட்"னு போட்டிருந்தா பீன் ஆசையும் தீந்திருக்கும், மேனேஜரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாரு. செயப்பாட்டு வினைலயே கன்டினியுவஸும் வேணும்னா கணக்குப்படி ஹேஸ் பீன் பீயிங் சென்ட்னு வரணும், பேச்சுல இத யாரும் தொடுறதில்ல, வேற மாதிரி சுத்தி வளைச்சு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

காதால கேக்கும்போது இன்னொரு கஷ்டம். வேகமா பேசும்போது ஐ ஹேவ் பீன் அப்படியே சுருங்கி ஐவ் பின்னு ஆயிடும், ஷி ஹேஸ் பீன் ஷீஸ் பின் ஆயிடும். அந்த வ்வும் ஸ்ஸும் நம்ம காதுல விழுறதே இல்ல, அதனால "ஐ பீன் வெயிட்டிங்"னுதான் அவங்க சொல்றாங்கன்னு நாம நெனச்சுக்கிட்டு எழுதும்போதும் ஹேவ்வ முழுங்கிடுறோம். பேச்சுல சுருக்குங்க, எழுதும்போது ஹேவ் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

மூணாவது எடம்னு ஒன்ன கடைசிக்கு வச்சிருந்தேன். ஆபீஸ்ல ஒருத்தர அரை மணி நேரமா தேடுறீங்க, சீட்ல இல்ல, மீட்டிங் ரூம்ல இல்ல, மாடிக்கும் போய்ப் பார்த்தாச்சு, திடீர்னு லிஃப்ட் கதவு தொறக்குது, உள்ள அவர் நிக்குறாரு. நாம உடனே என்ன சொல்வோம்? "உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!" இருந்தேன், இறந்தகாலம். ஏன்னா ஆள் கெடைச்சாச்சு, தேடல் முடிஞ்சாச்சு, தமிழ் அந்தக் கணத்துலயே அத பழைய கணக்குல எழுதிடுது. இதையே இங்கிலீஷ்ல வச்சு நான் ரொம்ப நாளா ஐ வாஸ் லுக்கிங் ஃபார் யூன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா லிஃப்ட் கதவு தொறந்த அந்த நொடில அவங்க வாய்ல தானா வர்றது "ஐ ஹேவ் பீன் லுக்கிங் ஃபார் யூ!" தேடுன மூச்சு இன்னும் வாங்கிக்கிட்டு இருக்குல்ல, சூடு ஆறல. சாயங்காலம் வீட்டுக்குப் போய் இந்தக் கதைய சொல்லும்போது அதே தேடல் ஐ வாஸ் லுக்கிங் ஃபார் ஹிம் ஆயிடும், அப்ப லிஃப்ட் கதவு மூடி ரொம்ப நேரம் ஆயிருக்கும்.